செசிலியாவின் எட்டாம் மாதம்

சிகாமட்டில் ரயில் ஏறும்போது செசிலியாவுக்கு எட்டு மாதம்.

போன கிறிஸ்துமஸுக்கும் எட்டு மாதம்தான். ஈஸ்டருக்கும் எட்டு மாதம்தான். ஜப்பான்காரன் ஆட்சியில் ஜொகூர் கடிகாரமே டோக்கியோ நேரத்துக்கு ஓடும்போது, ஒரு வயிறு மட்டும் ஒழுங்காக மாதம் எண்ண வேண்டுமா என்ன?

வயிற்றில் இருந்தது அரிசி.

ஓடிப்போன தோட்டத்துத் துரை ஒரு கம்பளிச் சட்டையை விட்டுவிட்டுப் போயிருந்தார். ஜொகூர் வெயிலில் அதைப் போட்டால் மனுஷன் வெந்து, இறக்கிவைக்கும் பதத்துக்கு வந்துவிடுவான். செசிலியா அதைப் பிரித்தாள். சைக்கிள் கம்பி இரண்டைத் தீட்டி ஊசியாக்கினாள். ஒரு வயிறு பின்னினாள்.

மிச்ச நூல் குழந்தைக் காலுறை ஒன்றுக்குத்தான் கண்டது. பார்ப்பவர்கள் நம்ப வேண்டுமே, ரயிலில் அதைப் பின்னுவாள். தன் ஊரான லாயாங் லாயாங்கில் இறங்கியதும் பிரித்துவிடுவாள். உலகத்திலேயே அதிகத் தடவை பின்னப்பட்ட காலுறை அதுதான்.

புருஷன் ரபேலை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள், மரவள்ளிக்கிழங்கைக் கண்டாலே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிற பிள்ளைகள். கடத்துகிற அரிசி பிடிபட்டால் அவர்களுக்கு அம்மாவும் இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கும் வயிறு. கையில் பாதி பின்னிய தொப்பி. ஊசிகள் குடைக்கம்பி. ரெங்கத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் நஜ்முதீனின் மனைவி, பெயர் ஜாஹிதா.

"எத்தனை மாசங்க்கா?"

"எட்டு. உனக்கு?"

"எனக்கும் எட்டுத்தான்."

நம்ம ஆள், என்று செசிலியா முடிவு கட்டினாள். தொழில் தெரிந்தவள் எட்டுதான் சொல்லுவாள். ஏழு என்றால் அரிசி குறையும். ஒன்பது என்றால் சிப்பாயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான்.

ஜாஹிதா காலுறையை எட்டிப் பார்த்தாள். "அலமாக்! குதிகாலே திருப்பலையேக்கா. இது காலுறையா, புட்டுக் குழலா?"

செசிலியா குதிகால் வரை போனதே இல்லை. அதற்குள் ஊர் வந்துவிடும். ஜாஹிதா ஊசியை வாங்கினாள். ஊசியில் இருந்த நூல் கண்ணிகளில் பாதியைச் சும்மா நிறுத்திவைத்து, மீதியைப் போய்த் திரும்பி வந்து பின்னினாள். கண்ணெதிரே குழல் மடங்கிக் கால் ஆனது.

குளுவாங்கில் சிப்பாய் ஏறினான். துப்பாக்கி ஒரு தென்னை மரம் நீளம். பெட்டியே எழுந்து குனிந்தது. குனியாதவன் கன்னம் பழுத்துவிடும்.

செசிலியா பக்தியோடு குனிந்தாள். கொஞ்சம் கூடுதலாகவே குனிந்துவிட்டாள்.

வயிற்றில் ஒரு கண்ணி விட்டது.

ஒன்று விட்டால் அடுத்தது, அதற்கடுத்தது என்று இறங்கிக்கொண்டே போகும். பலகைத் தரையில் அரிசி விழுந்தது. செசிலியாவின் காதுக்கு அது ஆலங்கட்டி மழை.

சிப்பாய் திரும்பினான்.

ஜாஹிதாவின் துப்பட்டி அரிசியின் மேல் நழுவி விழுந்தது. அவள் கை செசிலியாவின் வயிற்றைத் தடவியது, ஓடும் கண்ணியைக் கண்டுபிடித்தது, சேலையோடு சேர்த்துக் குடைக்கம்பியைச் செருகியது.

கண்ணி நின்றது. கம்பி சதையிலும் கொஞ்சம் ஏறிவிட்டதால், செசிலியா போட்ட அலறல் சிங்கப்பூர் வரை கேட்டது.

"பெரானாக்! பெரானாக்!" என்று ஜாஹிதா சிப்பாயிடம் மலாயில் கத்தினாள். பிள்ளை பிறக்கிறது, வந்து பிடி என்று இரண்டு கையையும் ஏந்திக் காட்டினாள்.

சிங்கப்பூரையே பிடித்த பட்டாளம் அடுத்த பெட்டிக்கு ஓடியது.

ரயில் நகர்ந்ததும் இருவரும் ஒரு அரிசிமணி விடாமல் பொறுக்கினார்கள். சிரிப்பில் பொறுக்கியது பாதி திரும்பக் கொட்டியது.

செசிலியா எதிர் வயிற்றை ஆசையோடு பார்த்தாள். ஒரு மேடு பள்ளம் இல்லை. "என்ன கைவேலைடி உனக்கு! மூட்டின இடமே தெரியல. எத்தனை படி கொள்ளும்?"

ஜாஹிதா அவள் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

அரிசி உதைத்தது.

செசிலியா கையை எடுக்க மறந்து போனாள். மறுபடியும் உதைத்தது, இந்தத் தடவை இன்னும் பலமாக.

ரெங்கம் வந்தது. ஜாஹிதா தொப்பியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "அரிசிக்குக் காலுறை எதுக்குக்கா?" என்று காதோரம் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

அன்று வீட்டில் மூன்று பிள்ளைகளும் சோற்றுப் பானையைச் சுரண்டிய சத்தத்தில் தோட்டமே விழித்துக்கொண்டது.

செசிலியா காலுறையைப் பிரிக்கவில்லை. ஆனால் ஒரு காலோடு எந்தக் குழந்தையும் பிறப்பதில்லையே. இன்னொன்றுக்கு நூல் வேண்டும். அந்த வீட்டில் இருந்த கம்பளி ஒன்றே ஒன்றுதான்.

அடுத்த பயணத்தில் அவளுக்கு ஏழு மாதம்.