நான்காம் மாதம்

அறுபத்தொரு வயதான தாட்சாயணியைப் பார்ப்பவர்கள் முப்பது வயதுக்கு மேல் சொல்லமாட்டார்கள். ஊரில் எல்லாரையும் போல அவளும் முப்பது வருடமாகக் காலையில் வயதை நிறுத்தும் நெல்லிச்சாரம் இரண்டு சொட்டு குடித்து வந்தாள். அதன் புண்ணியத்தில்தான் இப்போது முதல் பிள்ளை உண்டாகியிருந்தது.

டாக்டரம்மா ஸ்கேனில் திரும்பத் திரும்ப அளந்தார்.

"இதயம் நல்லா துடிக்குது. ஆனா மூணு மாசமா நாலாம் மாச அளவிலேயே நிக்குது. உங்களுக்கு வயசு நின்ன மாதிரி, குழந்தைக்கும் வளர்ச்சி நின்னுபோச்சு."

"சாரத்தை நிறுத்திட்டா?"

"குழந்தை வளரும். ஆனா தள்ளிப்போட்ட வயசு உங்களுக்கு மொத்தமா திரும்பும். பிரசவம் வரைக்கும் உடம்பு தாங்குமான்னு தெரியலம்மா."

வீட்டுக்கு வந்ததும் கணவர் சபேசன் சொட்டுகளைத் தண்ணீரில் கலந்து நீட்டினார். "குடிச்சிடு. குழந்தை உயிரோடதானே இருக்கு? அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

டாக்டர் சொன்னதைவிட அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. பிறக்காத ஒரு உயிரைக் காலமெல்லாம் சுமப்பதா? தம்ளரை அவள் வாங்கவில்லை.

ஒரு மாதத்தில் பாதித்தலை நரைத்தது. முழங்கால்கள் வீங்கின. மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். சபேசன் பதறிப்போய்ச் சாரத்தோடு ஓடி வந்தார். "தாட்சு, கெஞ்சிக் கேக்கிறேன், குடி."

அவள் அவர் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே குழந்தை உதைத்தது.

"இன்னும் நாலு மாசங்க," என்றாள். "அதுவரைக்கும் என்னைப் பிடிச்சுக்குங்க."