ஐந்தாவது நாற்காலி

தண்ணீர்ச் செம்பு நான்காவது நாற்காலிக்கு வந்துவிட்டது.

அவன் ஐந்தாவதில் உட்கார்ந்திருந்தான்.

பெரிய வியாழன் பூசை. மாதா கோயில் நிரம்பி வழிந்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள், இயேசுவின் சீடர்களாகப் பன்னிரண்டு பேர். பங்குச் சாமியார் மண்டியிட்டு ஒவ்வொருவரின் வலது பாதத்தையும் கழுவுவார், துடைப்பார், குனிந்து முத்தமிடுவார்.

முதல் நான்கு நாற்காலிகள் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு. ஐந்தாவதிலிருந்து ஷூ கம்பெனி ஆட்கள். சீடர்களிலும் வரிசை உண்டு.

கழுவப்போகிற காலை எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருவார்கள். அவனும் வெந்நீரில் காலை வைத்துத் தேய்த்தான். தண்ணீர் கொதிக்கிறது என்று அவன் மனைவி சலேத்மேரி அலறிய பிறகுதான் காலை எடுத்தான்.

காலுக்குத் தெரியவில்லை.

ஆறு மாதமாகவே தெரியவில்லை. செருப்பு கழன்றால் தெரியாது. முள் ஏறினால் தெரியாது. இப்போது விரல்களுக்கும் வந்துவிட்டது. தினமும் காலையில் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டு.

மரத்துப்போன கால் என்றால் என்ன நோய் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குஷ்டம்.

உடம்பில் தேமல் தேடினான். கண்ணாடி வைத்து முதுகில்கூடத் தேடினான். இல்லை. இல்லாவிட்டால் என்ன, நாளைக்கு வரும். டாக்டரிடம் போனால் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார், அதனால் போகவில்லை. தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டான். நாலு வயது மகள் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினால், வேலை இருக்கிறது என்று நழுவினான். அப்பாவுக்கு என்ன கோபம் என்று குழந்தை அம்மாவிடம் கேட்டது.

சீடராக உட்கார மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே. கோயில் உபதேசியார் பெயரைப் படித்துவிட்டுப் படியிறங்குவதற்குள் சலேத்மேரி தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

இந்தக் காலில் ஒரு மனிதர் வாய் வைக்கப்போகிறார். இவன் தெரிந்தே வைக்க விடப்போகிறான். வெட்கத்தில் காது சுட்டது.

நான்காவது நாற்காலியில் ரிடையர்டு ஹெட்மாஸ்டர். தண்ணீர் பட்டதும் 'ஸ்' என்று காலை இழுத்துக்கொண்டு சிரித்தார். சில்லென்று இருக்கும்போல.

சாமியார் இவன் முன்னால் மண்டியிட்டார்.

"வேணாம் ஃபாதர்."

அவனையும் மீறி வாய் சொல்லிவிட்டது. கால் நாற்காலிக்கு அடியில் போயிருந்தது.

பின்வரிசையில் ஒரு பெண் நெகிழ்ந்துபோனாள். "என்னா தாழ்ச்சி பாரேன்!"

சாமியார் சிரித்துக்கொண்டே பாதத்தை இழுத்துத் தன் கையில் ஏந்திக்கொண்டார். தண்ணீர் விழுவதை அவன் பார்த்தான். பார்த்ததால்தான் தெரிந்தது. பிறகு முத்தம். அதையும் பார்த்தான்.

அழுகை வந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் சலேத்மேரியும் கண்ணைத் துடைத்தாள், பெருமையில். அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது அவனுக்கு.

செம்பு ஆறாவது நாற்காலிக்கு நகர்ந்தது.

இன்னாசி. கம்பெனியில் இவனுக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்கிறவன். எட்டு வருடமாக இருவரும் ஒரே டப்பாவில் பிரஷ்ஷை முக்கி, ஷூவின் அடியில் சொல்யூஷன் பசை தடவுகிறவர்கள். அந்த ஹாலில் ஜன்னல் கிடையாது. புதிதாக வருகிறவனுக்குத் தலை சுற்றும், பிறகு பழகிவிடும் என்பார் சூப்பர்வைசர். பழகித்தான் இருந்தது. சொல்யூஷன் வாடை ஞாயிற்றுக்கிழமையும் மூக்கை விட்டுப் போகாது.

இரண்டு மாதமாக இன்னாசி டீக்கடைக்கு வருவதில்லை. தன் விஷயம் தெரிந்துதான் ஒதுங்குகிறான் என்று இவன் நினைத்திருந்தான்.

"வேணாம் ஃபாதர்" என்றான் இன்னாசி.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். முன்னால் சொன்னவனைப் பார்த்துக் காப்பியடிக்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

அவன் சிரிக்கவில்லை. இன்னாசியின் முகத்தைப் பார்த்தான். தாழ்ச்சி எல்லாம் இல்லை அதில். ஆறு மாதமாகக் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்து வரும் அதே முகம்.

இன்னாசிக்கு அந்தப் பக்கம், ஏழாவதில், ஜெபமாலை உட்கார்ந்திருந்தான். அதே ஹால், அடுத்த மேசை, அதே சொல்யூஷன்.

இவன் இன்னாசியைத் தாண்டி முன்னே சாய்ந்து, குனிந்து பார்த்தான்.

ஏழாவது நாற்காலிக்கு அடியில் இரண்டு கால்கள் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.