கதவைத் திறந்தவள்

"நான் இந்த வீட்டுல வேலை பாக்கறேங்க. வாங்க, மேடம் உள்ளதான் இருக்காங்க."

வாசலில் அக்கா இப்படிச் சொன்னது காதில் விழுந்ததும், சோபாவில் சாய்ந்திருந்த எழுத்தாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கூடப் பிறந்த அக்கா. சின்ன வயதிலிருந்து ஒரே வீட்டில் இருப்பவள். இன்று காலைகூட, "பத்திரிகையிலேருந்து பேட்டிக்கு வர்றாங்க. பூனைங்களுக்கு முடி சீவி வை" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத்தாளர் குளிக்கப் போனார். என்ன ஆச்சு இவளுக்கு?

'ஐயோ, அவ எங்க அக்கா' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நிருபர்ப் பெண் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், உங்க புது நாவலை ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன். ஆளே இல்லாத கிரகத்துல தன்னந்தனியா இருக்காளே ஒரு பொண்ணு... அது நீங்கதானே?"

"எழுதறவங்க எல்லாருமே தனியா இருக்கறவங்கதாம்மா."

நிருபர் அதை அப்படியே குறித்துக்கொண்டாள். வரி நன்றாக விழுந்ததில் எழுத்தாளருக்கும் திருப்தி. இதைச் சொன்ன வாயால் உடனே அக்காவை எப்படி அறிமுகப்படுத்துவது? சரி, போகும்போது சொல்லிக்கொள்ளலாம்.

அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். இரண்டே கோப்பை.

"எழுதறதுக்கு எப்படி மேடம் நேரம் கிடைக்குது?"

"காலையில அறைக்கதவைச் சாத்திட்டு உட்கார்ந்தா, நானா திறக்கற வரைக்கும் யாரும் தட்டக்கூடாது. அது ஒரு தவம் மாதிரி."

அந்தத் தவம் கலையாமலிருக்க அக்கா தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் வேலை பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தாள் என்பதெல்லாம் பேட்டிக்கு வேண்டாத விஷயம்.

"எழுதாத நேரத்துல?"

"விஞ்ஞானக் கதைங்க நிறையப் படிப்பேன். அப்புறம் இதோ, இந்தக் கள்ளிச் செடிங்க. குழந்தைங்க மாதிரி."

ஜன்னலோரம் வரிசையாக இருந்த தொட்டிகளை நிருபர் எட்டிப் பார்த்தாள். "அட, இது பூக்குமா மேடம்?"

எழுத்தாளரின் கண் தானாகச் சமையலறைப் பக்கம் போனது.

"ராத்திரியில பூக்கும். விடியறதுக்குள்ள வாடிடும்" என்று அங்கிருந்து அக்காவின் குரல் வந்தது. "மேடம்தான் சொல்வாங்க."

புகைப்படம் எடுக்கும்போதுதான் வினையே. கறுப்புப் பூனையை எழுத்தாளர் மடியில் வைத்தால், வைத்த வேகத்தில் தாவி ஓடியது. இரண்டு தடவை கையில் கீறியும்விட்டது. கடைசியில் அக்கா வந்து, "சனியனே, சும்மா இரு" என்று அதட்டியபடி அதைத் தூக்கி மடியில் வைத்து, கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். பூனை கண்ணை மூடிக்கொண்டது.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க. உங்க கை படத்துல வருது."

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். பூனை ஓடுவதற்குள் நிருபர் படத்தை எடுத்துவிட்டாள்.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்த எழுத்தாளரிடம் அவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்தம்மா மாதிரி ஆள் கிடைக்கறது ரொம்பக் கஷ்டம் மேடம். விட்டுடாதீங்க."

எழுத்தாளர் சிரித்தார். வேறென்ன செய்வது?

கதவைச் சாத்தியதும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நேரே சமையலறைக்குப் போனார்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாக்கா? வேலைக்காரின்னு யாரு உன்னைச் சொல்லச் சொன்னது?"

அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு விஷயம் வெளியில தெரிஞ்சா என்ன எழுதுவாங்க தெரியுமா? கூடப் பொறந்தவளையே வேலைக்காரியா வெச்சிருக்கான்னு எழுதுவாங்க. என் பேரு என்ன ஆகும்? என்னைச் சந்தி சிரிக்க வைக்கணும்னே பண்ணியா?"

"சேச்சே. உனக்கு ஒரு தலைகுனிவு வந்துடக்கூடாதேன்னுதான்..."

"எனக்கு என்ன தலைகுனிவு?"

அக்கா குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து பார்சல்ல உன் புது புஸ்தகம் வந்துச்சுல்ல? எடுத்துப் பார்த்தேன். பின்னட்டையில உன்னைப் பத்திப் போட்டிருக்கு. 'தனியாக வசிக்கிறார்'னு."

எழுத்தாளர் கழுவி வைத்த கோப்பை ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்தப் பொண்ணு அதைப் படிச்சுட்டுத்தானே வந்திருப்பா? நான் போய் அக்கான்னு சொன்னா, நீ எழுதினது பொய்யின்னு ஆயிடாதா?"

"அது... அதுல நாலே வரிதான்க்கா எழுத முடியும். எல்லாத்தையும் சேர்க்க இடம் எங்க இருக்கு?"

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. குனிந்து, காலைச் சுற்றிய கறுப்புப் பூனைக்கும் அதன் பின்னாலேயே வந்த வெள்ளைப் பூனைக்கும் தட்டுகளை எடுத்து வைத்தாள். "அந்த நாலு வரியில இதுங்க பேரு ரெண்டும் அச்சுப்பிழை இல்லாம வந்திருக்கு. பார்த்தேன்."