கருடன் வந்த நேரம்

மாசானத்தின் கேமராவிலிருந்து எடுத்த மெமரி கார்டை ரீடரில் செருகிவிட்டு, அவள் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.



அன்னதானப் பந்தலுக்குப் பின்னால், அடுக்கிய அரிசி மூட்டைகளின் மேல் லேப்டாப். பந்தியில் ரசம் போய்க்கொண்டிருந்தது. யாகசாலை தொடங்கிய நாளிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் நல்லபடியாக லேப்டாப்பில் இறங்கிவிட்டன. அந்தக் கார்டுகளை டப்பாவில் கவிழ்த்து வைத்திருந்தாள். கவிழ்ந்து கிடந்தால் இறங்கியாயிற்று. நிமிர்ந்து கிடந்தால் இன்னும் இல்லை. அவள் ஸ்டுடியோவில் அதுதான் சட்டம்.

நிமிர்ந்து கிடந்தவை இன்று காலை கார்டுகள் மட்டும்.

கும்பாபிஷேகம். கோபுர உச்சியில் கலசத்தின் மேல் புனிதநீர் விழுகிற அந்த ஒரு நொடி.

விட்டால் இனி பன்னிரண்டு வருஷம்.

படங்கள் வரிசையாக விரிந்தன. சாரத்தில் ஏறும் சிவாச்சாரியார்கள். தலையில் குடம். கலசம். நீர் ஊற்றச் சொல்லி அசைகிற பச்சைக்கொடி. குடம் உயர்கிறது. சாயத் தொடங்குகிறது.

அடுத்த படம் வானம்.

அதற்கடுத்ததும் வானம்.

வானம், வானம், வானம். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

பிறகு மறுபடியும் கலசம். முழுக்க நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"கருடன் வந்துட்டுக்கா," என்றான் மாசானம். மேலே சாரத்தில் நின்று எடுத்தவன் அவன்தான். "எல்லாரும் கத்துனாங்க. கை தானா மேல போயிட்டு."

அவள் திட்டவில்லை. அவன் கார்டை உருவி டப்பாவில் கவிழ்த்தாள்.

எதிர் மண்டபத்து மாடியில் நின்ற இசக்கிராஜின் கார்டைச் செருகினாள். இசக்கிராஜ் பக்தி அதிகமுள்ளவன். அவன் கார்டில் வானமும் அதிகம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

ட்ரோன் விட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை. அது பறந்தால் கருடன் வராது என்று தர்மகர்த்தா குற்றாலலிங்கம் முதல் நாளே தடுத்துவிட்டார். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். பெண்கள் சாரத்தில் ஏற வேண்டாம்.

ஸ்டுடியோ அவளுடையது. கேமராக்கள் அவளுடையவை. படம் வராவிட்டால் கெடப்போகிற பெயரும் அவளுடையதுதான். ஆனாலும் அவளுக்குக் கிடைத்த இடம் தெருமுனையில், செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில்.

மிச்சம் ஒரு கார்டு. அவள் எடுத்தது.

செருப்பு ஸ்டாண்டிலிருந்தும் கோபுரம் தெரியும். தூரம்தான். பெரிய லென்ஸைப் போட்டு, கலசத்தின் மேல் கண்ணை வைத்துக் காத்திருந்தாள். கருடன், கருடன் என்று தெருவே எம்பியது. பக்கத்தில் நின்ற பெண் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மேல பாரும்மா, மேல பாரு!"

பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

அந்த உலுக்கலில் படம் என்ன ஆனதோ, அவளுக்கே தெரியாது.

செருகினாள். பச்சைக் கோடு ஊர்ந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தர்மகர்த்தா வர வேண்டுமா? வந்தார். வேட்டியெல்லாம் ஈரம்.

"ஏம்மா, தண்ணி ஊத்துற படம் வந்துட்டா? பேப்பர்க்காரங்க நிக்காங்க."

மாசானம் தரையைப் பார்த்தான். இசக்கிராஜ் ரசம் வாங்கப் போய்விட்டான்.

முதல் படம் ஆடியிருந்தது.

அடுத்ததில் குறுக்கே யாருடைய கையோ, வளையலோடு.

அதற்கடுத்தது.

குடத்தின் வாயிலிருந்து தண்ணீர் இறங்கிவிட்டது. கலசத்தை இன்னும் தொடவில்லை. இடையில் நிற்கிறது. சிவாச்சாரியாரின் வாய் மந்திரத்தில் பாதி திறந்திருக்கிறது. விழப்போகிற தண்ணீரின் நிழல் கலசத்தின் மேல் முன்கூட்டியே விழுந்துவிட்டது.

அடுத்த படத்தில் தொட்டுவிட்டது. துளிகள் எல்லாப் பக்கமும் தெறிக்கின்றன. ஒன்றுகூட மங்கலாக இல்லை.

தர்மகர்த்தா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சாரத்துல நின்னது நீதானடே," என்று மாசானத்தின் முதுகில் தட்டினார். "நீ நல்லா இருப்ப."

மாசானம் நினைத்திருந்தால் சும்மா இருந்திருக்கலாம்.

"நான் இல்ல அண்ணாச்சி. அக்கா எடுத்தது. செருப்பு ஸ்டாண்டுல நின்னு."

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அப்ப நீ கருடனப் பாக்கலியாம்மா?"

"பாக்கல."

அவர் துண்டை அவிழ்த்தார். திரும்பவும் கட்டினார். "சாப்பிட்டுத்தான் போகணும்," என்றார் அவளிடம். அந்த ஊரில் யாரும் அதற்கு மேல் மன்னிப்புக் கேட்பதில்லை.

அவர் போனதும் அவள் தன் கார்டை உருவி, டப்பாவில் கவிழ்த்து வைத்தாள். எல்லாம் கவிழ்ந்தாயிற்று. பெருமையாக இருந்தது. நெஞ்சு விம்மும் அளவுக்குப் பெருமையாக இருந்தது. அடக்கத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு, யாரும் கேட்காமலே, மாசானத்தின் வானங்களில் ஒன்றைத் திறந்தாள்.

கறுப்புப் புள்ளியைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

செம்பட்டை இறக்கை. வெள்ளைக் கழுத்து.

ஊரே அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம். அது மட்டும் தலையைச் சாய்த்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

செருப்பு ஸ்டாண்ட் இருக்கிற பக்கம்.