மடுச்சேற்றில் ஒரு முள்

“தொங்குற புழுவைப் பார்த்தா...” என்று பெரியப்பா ஏதோ சொல்வாரே! மிச்சம் கெளுத்திமீனுக்கு ஞாபகம் வரவில்லை. மடுவுக்குள் கொழுத்த புழு ஒன்று இறங்கி வந்து ஆடியது.

“கிட்டப் போகாதே தம்பி. உள்ளே இரும்பு முள் இருக்கு.”

சேற்றில் புதைந்திருந்த பழைய தூண்டில் முள்தான் பேசியது. எலும்பைத் தேய்த்துச் செய்த முள். குரல் மட்டும் அப்படியே கெளுத்திக் குரல்.

“யாருங்க நீங்க?”

“எந்தக் காலத்திலேயோ இங்கே நீந்தினவன். என்னைத் தின்னுட்டு, என் எலும்பிலேயே இதைச் செஞ்சாங்க.”

“அந்த இரும்பு முள்ளுக்கும் இதே வளைவுதானா? அன்னிலேர்ந்து மாத்தவே இல்லையா?”

“எதுக்கு மாத்தணும்? நம்ம வாய் மாறலையே.”

கெளுத்தி புழுவைப் பார்த்தபடியே கேட்டது. “நீங்க எப்படி மாட்டினீங்க?”

“புழுவோட வாலை மட்டும் கடிச்சுட்டு ஓடிடலாம்னு பார்த்தேன்.”

புழு மறுபடி ஆடியது. தலையை மட்டும் கடிப்பது என்று கெளுத்தி முடிவு செய்தது.