இயல்பு நவிற்சிக்கு எடுத்துக்காட்டு

பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா தங்கத்தாய், நாற்பது வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மதியச் சோறு போட்டு முடித்ததும், அருப்புக்கோட்டையிலிருந்து புதிதாக வந்திருந்த தமிழ் வாத்தியார் ஸ்டீபனிடம் நோட்டை நீட்டினாள்.

ஸ்டீபன் சத்தமாக வாசித்தார். "இயல்பு நவிற்சி அணி. எடுத்துக்காட்டு: 'ஒரு குடம் தண்ணீருக்கு நான்கு மைல் நடந்தேன்.' தப்புக்கா. உள்ளத உள்ளபடி சொன்னாத்தான் இயல்பு நவிற்சி. இப்படி ஏத்திச் சொன்னா அது உயர்வு நவிற்சி."

சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிட்டு, டம்ளர்த் தண்ணீரில் பாதியைக் குடித்தார்.

"எதுக்கு சார் அடிச்சீக? நான் எதையும் ஏத்திச் சொல்லலையே!"

"ஒரு குடத்துக்கு யாருக்கா நாலு மைல் நடப்பா? வாசல்லயே அடிபம்பு இருக்கு."

"அது உப்புத் தண்ணி சார். சோறு பொங்கலாம், ஏனம் கழுவலாம். குடிக்க ஆகாது."

"அப்ப நான் தினமும் குடிக்கிறது?"

"ஊருணித் தண்ணி. போக ரெண்டு மைலு, வர ரெண்டு மைலு. நீங்க இங்க வந்த நாள்லருந்து, காலையில உங்களுக்குன்னு நாந்தான் ஒரு குடம் சொமந்துட்டு வாரேன்."

ஸ்டீபன் டம்ளரை மெல்லக் கீழே வைக்கப் போனார்.

"வைக்காதீக சார். முழுசாக் குடிங்க. குடிச்சிட்டு மார்க்கப் போடுங்க."