பதினேழாம் அத்தியாயம்

திருப்பூர்ப் பனியன் ஆலையில் அத்தனை இயந்திரங்களும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. முதலாளி பக்கத்திலேயே வந்து நிற்க, கணினி நிர்வாகி குணாளன் வேறு வழியில்லாமல் உதவிப் பொத்தானை அழுத்தினான். அந்த இயந்திரங்களை ஓட்டும் இயங்குதளம் யாருக்கும் சொந்தமில்லாதது, பயன்படுத்துகிறவர்களே எழுதி வளர்ப்பது; உதவி கேட்டால் விடை தெரிந்த ஆளை எங்கிருந்தாலும் தேடிப் பிடித்துப் பேச வைக்கும். அவரோடு நமக்கு முன்பு நடந்த பேச்சு இருந்தால் அதையும் திரையில் போட்டுவிடும்.

தூத்துக்குடி ஜெசிந்தா இணைப்பில் வந்தாள். நான்கு வருடத்துக்கு முன் இதே கோளாறுக்கு அவள் இணைய மன்றத்தில் உதவி கேட்டிருந்தது திரையில் வந்தது. கீழே குணாளனின் பதில் இருந்தது: "முதல்ல மேனுவலைப் படிச்சிட்டு வாங்க. இங்க யாரும் ட்யூஷன் எடுக்கல."

முதலாளி அதை வாய்விட்டுப் படித்தார். "ஏனுங்க, இது நீங்க எழுதுனதுங்களா?"

குணாளனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஜெசிந்தா பொறுமையாக ஒவ்வொரு கட்டளையாகச் சொன்னாள். இயந்திரங்கள் ஓடத் தொடங்கின.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க அம்மணி?" என்றார் முதலாளி.

"சார் சொன்னாங்கன்னு மேனுவலை முழுசாப் படிச்சேன். இதுக்கு அதுல பதிலே இல்ல. அதான் கண்டுபிடிச்சு நானே எழுதிச் சேத்தேன். மூணு வருசமா பதினேழாம் அத்தியாயத்துல இருக்கு."

மேனுவலில் பதினேழாம் அத்தியாயம் என்று ஒன்று இருப்பதே குணாளனுக்கு அப்போதுதான் தெரிந்தது.